மாக்தாவின் குரலும் இன்னொருவரின் அழுகையும்

நம் சமூக ஒலிக்காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவளிடம் அறிவுரை கேட்பது ஆபத்தான காரியம். தொடங்கினால் நிறுத்த ஆளிருக்காது. அதனால் அறிவுரையை விட்டுவிட்டு, நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கருவிகளை எப்படி இயக்குவது, பதிவுகளுக்கு எப்படிப் பெயரிடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்கு முன்வாசலால் வந்தவளல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் கோலியர்ஸ் வுட்டில் குடியேறிய புதிதில், வெளிநாடுகளுக்கு ஒலிபரப்பிய ஒரு நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் குரல் கொடுக்கும் வேலை கிடைத்தது. வேறு மொழியில் யாராவது பேசினால், அவருடைய சொந்தக் குரல் இரண்டொரு சொல்லுக்குக் கேட்கும். பிறகு அதைத் தாழ்த்திவிட்டு, மேலே நாங்கள் தமிழில் வாசிப்போம். பிரிவில் பெண்குரல் என்று இருந்தது நானும் இன்னொருத்தியும்தான். அவள் பிரசவத்துக்குப் போனபின் உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் நான் ஒருத்தியே பொறுப்பானேன். காலையில் ஒரு நாட்டின் பிரதமராக இருப்பேன், மத்தியானம் வங்காள வெள்ளத்தில் வீடிழந்த தாய், பின்னேரம் டென்னிஸ் வீராங்கனை. சம்பளம் மூவருக்கும் ஒன்றுதான்.

அந்தத் தாய்க்குக் குரல் கொடுத்த அன்று எங்கள் தயாரிப்பாளர் கலையகக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கையை ஆட்டி நிறுத்தினார்.

"பிள்ளை, அந்த மனுசி வீடு வாசல் இல்லாமல் நிக்கிறா. நீர் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீர். கொஞ்சம் சோகத்தைக் கூட்டும்."

"அவ அப்பிடித்தானே அண்ணை பேசுறா? கேட்டுப் பாருங்கோவன்."

"அவ எப்பிடிப் பேசினால் என்ன? கேக்கிற சனத்துக்கு அழுகை வரவேணும்."

கூட்டினேன். அன்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. மூல ஒலிப்பதிவு இரைச்சலாக இருந்ததால் அந்தப் பெண்ணின் குரலை முழுதாகவே எடுத்துவிட்டோம். நாடாப் பெட்டியில் அவள் பெயரை எழுதினோம். என் பெயரை எழுதவில்லை, எழுதுகிற வழக்கமில்லை. நாளைக்கு யாராவது அந்தப் பெட்டியைத் திறந்தால், வங்காளத்து விவசாயி மனைவி சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதைக் கேட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக்கூடும்.

பிறகு தமிழ்ப் பிரிவு சுருங்கியது. நான் லண்டனிலேயே வேறொரு ஒலிக்காப்பகத்துக்கு மாறினேன். பழைய வானொலிப் பதிவுகளைக் காக்கும் இடம் அது. ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்ட காலத்தை ஆராய்கிறவர்கள் எங்களிடம் அடிக்கடி வருவார்கள். வானொலி எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்கும் என்ற நம்பிக்கையோடு வருவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலானவை நேரடியாக வாசிக்கப்பட்டு, வாசித்த கையோடு காற்றில் போனவை என்று சொன்னால் முகம் வாடிப்போகும். நிலையம் தனக்கு முக்கியம் என்று தோன்றியதை மட்டும் பதிந்து வைத்தது. பெரிய மனிதர்களின் உரைகள், அணிவகுப்புகள், மாதாகோயில் மணியோசை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்களின் குரல் அபூர்வம். அப்படி ஒன்று இருந்தாலும் பட்டியலில் ஒலிவாங்கியைப் பிடித்த நிருபரின் பெயர்தான் இருக்கும்.

அதனால்தான் மாக்தாவின் ஒலித்தட்டு எங்களுக்குப் பெரிய பொக்கிஷமாகத் தெரிந்தது. மாக்தா ஹங்கேரியிலிருந்து முகாமுக்குக் கொண்டு போகப்பட்டு, போர் முடிந்தபின் லண்டன் வந்து சேர்ந்த இளம்பெண். அந்தத் தட்டின் லேபிளில் அவர் பெயர் தெளிவாக இருந்தது. தட்டை ஓடவிட்டால் ஒரு பெண் ஆங்கிலத்தில், உச்சரிப்பில் மெல்லிய ஐரோப்பிய வாடையோடு, தன் தாயைப் பிரிந்த கணத்தைச் சொல்வார். நடுவில் குரல் உடையும். கேட்பவர்களும் உடைவார்கள். எங்கள் காப்பகம் நடத்தவிருந்த கண்காட்சியின் நடுவறை அந்தக் குரலுக்கென்றே கட்டப்பட்டது. 'அவர் குரலைக் கேளுங்கள்' என்று சுவரொட்டிகளும் ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டன.

திறப்பு விழாவுக்குச் சில வாரம் முன்பு மாக்தாவின் மகனை அழைத்தார்கள். பீட்டர் என்று பெயர். ஸ்ட்ரெதத்தில் வசிக்கிறார், எழுபதைத் தாண்டியவர், பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தாய் இறந்து நீண்ட காலமாகிறது. வீட்டில் அவர் குரல் எந்தப் பதிவிலும் இல்லை. அழைப்புக் கிடைத்ததும் உடனே வந்துவிட்டார். கண்காட்சிப் பொறுப்பாளர் கண்ணீர்த்தாள் பெட்டி ஒன்றை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். எல்லா ஏற்பாடும் செய்கிற மனிதர் அவர். பீட்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். முழுவதும் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

"மிக நன்றாக இருக்கிறது. யார் இவர்?" என்றார்.

ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் தமிழில் தருகிறேன். பழைய தொழில் விட்டுப் போகவில்லை.

பொறுப்பாளர்தான் சமாளித்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மிகவும் இதமாக, பல குடும்பங்களில் இப்படி நடப்பதுண்டு என்று விளக்கினார். இளவயதுக் குரல் வேறு, முதுமையில் கேட்ட குரல் வேறு. துயரம் நினைவை மாற்றிவிடும். தட்டில் பெயர் இருக்கிறது, நிகழ்ச்சிக் குறிப்பில் பெயர் இருக்கிறது. அவர் வரலாற்றில் பட்டம் பெற்றவர், எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைத்திருந்தார். பெற்ற தாயின் குரல் எது என்று மகனுக்கே பாடம் எடுக்க வேண்டிய நிலைமை அவருக்கு.

பீட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "என் அம்மா யார் முன்னாலும் அழுததில்லை. மைக் முன்னால் அழுதிருப்பாரா? இந்தப் பெண்மணி நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் இவரை என் அம்மா என்று நீங்கள் சுவரில் எழுதினால், என் அம்மாவை நான் எங்கே போய்த் தேடுவது?"

அவர் போனபின் எங்கள் தலைவி என்னைக் கூப்பிட்டார். காப்பகத்தின் பொறுப்பு முழுவதும் அவருடையது. அதிகம் பேசாதவர். கூட்டங்களில் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; ஸ்வெட்டர் நீள நீளப் பேசுகிறவர்களுக்குப் பயம் வரும். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

"நீங்கள் குரல் கொடுத்து வாழ்ந்தவர். அதை ஒருதரம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

"மகன் சொன்னதை நம்புகிறீர்களா?"

"மகன் சொன்னதும் சாட்சியம், லேபிள் சொன்னதும் சாட்சியம். எதையும் கும்பிட வேண்டாம். கேளுங்கள்."

பிள்ளைகளே, அப்போது எங்களுக்கு நேரமே இருக்கவில்லை. சுவரொட்டி ஒட்டியான பிறகு ஓர் அலுவலகத்தில் எல்லோருடைய காதும் மந்தமாகிவிடும். அந்த நெருக்கடியில் மூன்று சொல்லில் 'எதையும் கும்பிட வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்ததை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

எங்கள் ஒலிப்பொறியாளர் கார்த்திக் சென்னைப் பையன். பழைய பதிவுகளின் இரைச்சலைத் துடைத்தெடுப்பதில் மன்னன். அவனிடம் போய்க் கேட்டுப் பார்த்தேன். குரல் பளிங்கு போல இருந்தது. பளிங்கில் என்னால் எதையும் பிடிக்க முடியவில்லை.

"தம்பி, நீர் துடைக்கிறதுக்கு முந்தின பதிவு இருக்கோ?"

"இருக்கு அக்கா. ஒரிஜினலைத் தொடவே மாட்டேன். ஏன், இதுல ஏதாவது கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்லை. அதுதான் பிரச்சினை. இதிலை என்னத்தையெல்லாம் எடுத்தனீர்?"

"வழக்கமா எடுக்கறதுதான். கீறல் சத்தம், கரண்ட் இரையற ஹம், அப்புறம் மூச்சு இழுக்கற சத்தம். பேப்பர் சத்தம் கூட இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன்."

"என்ன பேப்பர்?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு துடைக்காத பதிவை ஓடவிட்டான்.

கீறலுக்கு நடுவே அது கேட்டது. அந்தப் பெண் தாயைப் பிரிந்தார், குரல் உடைந்தது, தாள் ஒன்று மிகக் கவனமாக, சத்தம் வராமல் இருக்க மூலையைத் தூக்கி நகர்த்தப்பட்டது, அடுத்த பக்கத்தில் துயரம் தொடர்ந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நிறைவாக ஒரு மூச்சு. நினைவிலிருந்து பேசுகிறவளுக்கு வாக்கியம் எங்கே முடியும் என்று தெரியாது, அதனால் மூச்சு எங்கேயாவது முட்டி நிற்கும். வாசிக்கிறவளுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த மூச்சை நான் வருஷக்கணக்காக இழுத்திருக்கிறேன்.

"இவ வாசிக்கிறா தம்பி. இவவும் என்னை மாதிரித்தான். ஆரோ கண்ணாடிக்கு அங்காலை நிண்டு சோகத்தைக் கூட்டச் சொல்லியிருக்கினம்."

"அப்போ நான் க்ளீன் பண்ணதுல ஆதாரமே போயிருச்சா அக்கா?" அவன் முகம் சுண்டிப்போனது.

"நீர் ஒரிஜினலை வச்சிருக்கிறீர். பிறகென்ன?"

தானாகப் பேசுகிறவர்களும் குறிப்புத்தாள் வைத்திருப்பார்கள், அது மட்டும் போதாது என்றார் தலைவி. மேலும் தேடினோம். அந்தக் கால வானொலியில், அந்நிய உச்சரிப்பு கேட்பவர்களுக்குச் சிரமம் என்று கருதினால், ஒருவர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி நடிகர் ஒருவரை வைத்து வாசிப்பார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை. கேட்கிறவர்களுக்கும் அந்த வழக்கம் தெரியும். நடிகையின் பெயரை எழுத மாட்டார்கள், சொன்னவரின் பெயரை எழுதுவார்கள். வழக்கம் தெரிந்தவர்கள் எல்லோரும் இறந்தபின் லேபிள் மட்டும் மிஞ்சியது. எனக்கு அந்த முகம் தெரியாத நடிகை மேல் கோபமே வரவில்லை. அந்த ஐரோப்பிய வாடை உட்படத் தொழிலைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்.

மாக்தா எங்கே என்பதுதான் கேள்வி. எனக்குத் தோன்றியது எங்கள் பழைய தமிழ்ப் பிரிவிலிருந்து வந்த யோசனைதான். ஆங்கிலத்துக்கு உதவாத உச்சரிப்பு சொந்த மொழியில் பேசினால் ஒரு குறையுமில்லாத உச்சரிப்பு. ஆங்கிலத் தட்டைப் பதிந்த நிலையத்தில் அந்தக் காலத்தில் ஹங்கேரிக்கென்றே ஹங்கேரிய மொழி ஒலிபரப்பும் இருந்தது. அந்தப் பிரிவின் தட்டுகளை யாரும் பட்டியலிட்டிருக்கவில்லை. ஆங்கிலம் அல்லாதவை எல்லாம் 'பிற' என்ற ஒரே தலைப்பில் கிடந்தன. கார்த்திக்கும் நானும் ஹங்கேரிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டோம். சமையல் குறிப்பு கேட்டோம், பயிர்ச்செய்கை கேட்டோம். பிறகு ஒரு தட்டில் ஒரு பெண், கடையில் மிச்சக் காசு குறைவாகக் கொடுத்தவரிடம் பேசுகிற குரலில், தன் பெயரையும் தெருவையும் சொன்னார். ஆங்கிலத் தட்டில் வந்த அதே தெரு. மாக்தா.

அழுகை இல்லை. தாயைப் பற்றி ஒரே வாக்கியம்: அவர் திரும்பி வரமாட்டார். மிச்சமெல்லாம் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரருக்குச் சொன்னது: எங்களைக் கொண்டுபோன அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்குள் யார் நுழைந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் தையல் மெஷின் உங்கள் வீட்டில் இருக்கிறது. நான் உயிரோடிருக்கிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் உங்கள் அயலவர்கள் கேட்பார்கள். இப்படியே போனது. ஆங்கிலத் தட்டில் இதெல்லாம் 'நாங்கள் யாவற்றையும் இழந்தோம்' என்று முடிந்திருந்தது. எழுதியவருக்குத் தையல் மெஷின் துயரத்தின் தரத்துக்குக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும்.

பீட்டரை மறுபடி அழைத்தோம். இந்தமுறை எதையும் சொல்லாமல் ஹெட்போனை மட்டும் கொடுத்தோம். இரண்டாவது வாக்கியத்தில் மேசைமேல் ஊன்றியிருந்த முழங்கையை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தார்.

"அம்மாதான்."

"மொழி விளங்குகிறதா?" என்று தலைவி கேட்டார்.

"இல்லை. எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. திட்டுவது மட்டும் விளங்கும். யாரைத் திட்டுகிறார்?"

சொன்னோம். தையல் மெஷினைச் சொன்னதும், எங்கள் வீட்டில் தையல் மெஷினே இருந்ததில்லை என்றார். அப்பா வாங்கித் தருவதாகச் சொன்னபோதெல்லாம் அம்மா மறுத்துவிட்டாராம். திரைச்சீலை, பள்ளிச் சட்டை எல்லாவற்றையும் கையால்தான் தைத்தாராம். சிக்கனம் என்று நினைத்திருந்தோம் என்றார்.

இனிக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். கண்காட்சிப் பொறுப்பாளர் கெட்டவர் இல்லை, பயந்து போயிருந்தார். "வார்த்தைகள் மாக்தாவுடையவைதானே? குரல் அவ்வளவு முக்கியமா? இந்த ஹங்கேரியப் பதிவில் உணர்ச்சியே இல்லை. பார்வையாளர்கள் ஏமாந்து போவார்கள்" என்றார்.

தலைவி பின்னுவதை நிறுத்தினார். அதுவே ஒரு செய்தி.

"சரி, நடிகையை வைத்துக்கொள்வோம். 'மாக்தா சொன்னதைச் சுருக்கி நிலையம் எழுதியது, நடிகை ஒருவர் வாசித்தது' என்று சுவரிலும் சுவரொட்டியிலும் போடுங்கள்."

"அப்படிப் போட்டால் யார் வருவார்கள்?"

"போடாவிட்டால் வருகிறவர்கள் யார் தெரியுமா? இதெல்லாம் நடக்கவே இல்லை என்று சொல்லித் திரிகிறவர்கள். ஒரு பொய்க்குரல் போதும் அவர்களுக்கு. மிச்சமிருக்கிற உண்மைக் குரல் எல்லாவற்றையும் அதை வைத்தே அடிப்பார்கள். அந்தப் பொய்க்குரலை நம் கையாலேயே எடுத்துக் கொடுப்பதா?"

பொறுப்பாளர் இறங்கி வந்தார். ஹங்கேரியப் பதிவையே வைப்பதென்று முடிவானது. ஆனால் ஒரு சிறு யோசனை என்றார்: மாக்தாவின் குரல் இரண்டொரு சொல்லுக்குக் கேட்கட்டும், பிறகு அதைத் தாழ்த்திவிட்டு, மேலே நல்ல நடிகை ஒருவரை வைத்து ஆங்கிலத்தில்... அதற்குமேல் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி என் கருத்தைக் கேட்டார். ஒரு சொல்லையும் தாழ்த்த வேண்டாம், ஆங்கிலத்தைத் திரையில் எழுத்தாக ஓடவிடுங்கள் என்றேன். வாசிக்கத் தெரிந்த ஊர்தானே இது. சுவரொட்டிகளையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'அவர் குரலைக் கேளுங்கள்' என்பது கடைசியில் உண்மையாகிவிட்டது.

உங்களிடம் பேச வரப்போகிறவர்கள் ஹங்கேரியர்கள் அல்ல. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இருக்கிற நம் ஆட்கள். எல்லாம் இழந்து வந்தவர்கள். நீங்கள் மைக்கை வைத்ததும் அவர்கள் இழந்த பிள்ளையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரன் அவிழ்த்துக்கொண்டு போன பசுமாட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசக்கூடும். 'பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ அன்ரி' என்று இடையில் புகாதீர்கள். மாட்டின் நிறத்தைக் கேளுங்கள். மூச்சையும் இருமலையும் துடைக்காதீர்கள். வாசித்தது யார், மொழிபெயர்த்தது யார், சுருக்கியது யார் என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதி வையுங்கள், அது உங்கள் சொந்தப் பெயராக இருந்தாலும்.

திறப்பு விழாவன்று நடுவறையில் நல்ல கூட்டம். பீட்டர் ஒரு மூலையில் நின்றார், நான் அவருக்குப் பக்கத்தில். அவர் யாரென்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை, வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். நன்றாக உடுத்திய ஒரு பெண்மணி ஹெட்போனில் முழுவதும் கேட்டு முடித்து, அதைக் கழற்றிப் பீட்டரிடம் நீட்டினார்.

"என்னால் நம்ப முடியவில்லை. உண்மையில் பட்டவர் இப்படியா பேசுவார்? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. யாரோ நடிகையை வைத்துப் பேச வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருந்தது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பீட்டர் என் கையை மெல்ல அழுத்தினார்.

"எனக்கா? சின்ன வயதில் ஏதோ குழப்படி செய்துவிட்டு அகப்பட்ட மாதிரி இருந்தது" என்றார்.

அந்தப் பெண்மணி விளங்காமல் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். பீட்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மாக்தா ரொட்டிக்கடைக்காரரைத் திட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அவர் நேராக நிமிர்ந்து நின்று, அந்த வயதில், எல்லோருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். கண்காட்சிக்காரர்கள் அத்தனை நாள் தேடிய அழுகை அதுதான். நல்லவேளை, அறையில் யாரிடமும் மைக் இல்லை.